பற்றுக் கணக்கும் பேரங்காடியும்: இந்திய நகர மளிகைக் கடைகளின் அரை நூற்றாண்டு

முன்னுரை

அங்காடி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. மதுரைக்காஞ்சி பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில் நாளங்காடி நடைபெற்றது. கன்னடம், மலையாளம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் கடை, கடைத்தெரு என்னும் பொருள்களில் இன்றும் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் ‘சூப்பர் மார்க்கெட்’ என்னும் புதுவகைக் கடை இந்திய நகரங்களுக்கு வந்தபோது, தமிழ் அதற்குப் பல்பொருள் அங்காடி என்றும் பேரங்காடி என்றும் பெயரிட்டது. பழைய சொல்லே புதிய பொருளுக்கும் பெயராயிற்று. ஆயினும் இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பழைய அங்காடியில் கடைகளும் பல, உரிமையாளரும் பலர். புதிய அங்காடியில் பொருள்கள் பல, உரிமை ஒன்று.

பேரங்காடி வந்தால் தெருவில் உள்ள மளிகைக் கடைகள் அழிந்துவிடும் என்ற அச்சம் 1990களின் பிற்பகுதி முதல் வணிகர் சங்க மேடைகளிலும் நாடாளுமன்றத்திலும் ஒலித்து வந்துள்ளது. அழியமாட்டா, நுகர்வோரும் உழவரும் பயன் பெறுவர் என்ற மறுமொழியும் அதே காலம் தொட்டுக் கூறப்பட்டு வந்தது. அரை நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது இவ்விரு கூற்றுகளும் முழுமையானவை அல்ல என்பது புலனாகிறது. மளிகைக் கடை அழியவில்லை; ஆனால் பழைய நிலையிலும் நிற்கவில்லை. பெரு நிறுவனங்கள் சில மளிகைக் கடைகளுக்கு முன்பே மறைந்தும் போயின. விலையை மட்டும் கொண்டு இவ்வரலாற்றை விளக்குதல் இயலாது. கடன் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பதை வைத்து நோக்கினால் இதன் போக்குத் தெளிவாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மளிகைக் கடையின் அமைப்பு

சென்னையில் மளிகைக் கடை என்றும் தென் மாவட்டங்களில் பலசரக்குக் கடை என்றும் வழங்கும் சிறுகடை, வெறும் விற்பனை இடமாக மட்டும் இருந்ததில்லை. வாங்குவோருக்கும் சரக்குக்கும் இடையே ஒரு மேசையும், அம்மேசையில் தராசும் கல்லாப்பெட்டியும் இருந்தன. மூட்டையாக வந்த அரிசியும் பருப்பும் மிளகாயும் கேட்ட அளவில் நிறுத்துப் பொட்டலமாக மடித்துத் தரப்பட்டன. நாட்கூலி பெறுவோர் அன்றன்றைக்கு வேண்டிய நூறு கிராம் எண்ணெயையும் ஐம்பது கிராம் சீனியையும் வாங்க முடிந்தது. சரக்கின் தரம் அறிந்து கொள்முதல் செய்வதும், பருவம் அறிந்து இருப்பு வைப்பதும் கடைக்காரரின் தொழில்திறன்களாக இருந்தன.

இக்கடையின் உயிர்நாடி பற்றுக் கணக்கு ஆகும். மாதத் தொடக்கத்தில் சம்பளம் வந்ததும் பழைய பாக்கியைத் தீர்த்து, மறுநாளே புதுப் பற்றைத் தொடங்குவது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. வாங்குபவர் வீட்டில் ஒரு சிறு நோட்டும் கடையில் ஒரு பேரேடும் இருக்கும். எழுத்து மூலமான ஈடோ வட்டியோ இல்லாத இக்கடன், ஆளை அறிந்திருத்தல் என்னும் ஒன்றையே பிணையாகக் கொண்டது.

கடைக்காரர் பிறருக்குக் கடன் கொடுக்க வேண்டுமாயின் அவருக்கும் கடன் கிடைக்க வேண்டும். மொத்த வணிகர் தவணையில் சரக்கு தந்தார். மொத்த வணிகருக்கும் கடைக்காரருக்கும் பின்னணியில் பெரும்பாலும் ஒரு சமூகக் கட்டமைப்பு இருந்தது. தமிழ்நாட்டில் நாடார் வணிகர்கள் வளர்த்தெடுத்த உறவின்முறை அமைப்பும், வணிகத்தின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமை நிதியும் இதற்குச் சிறந்த சான்றுகள். 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இதுவே 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. ஊரிலிருந்து நகரத்துக் கடைக்கு வேலைக்கு வரும் சிறுவன் சில ஆண்டுகளில் தொழில் கற்று, முதலாளியின் உதவியாலும் மொத்த வணிகரின் கடனாலும் தனிக்கடை வைப்பது பரவலாக நிகழ்ந்த ஒன்று. ஆந்திரத்தில் கோமுட்டிகளும் வடமாநிலங்களில் பனியாக்களும் இவ்வாறே தத்தம் கட்டமைப்புகளைக் கொண்டிருந்தனர்.

இவ்வமைப்பை முற்றிலும் நன்மை உடையதாகக் கொள்வதும் பொருந்தாது. பற்றுக் கணக்கு எல்லோருக்கும் திறந்த கதவு அன்று. புதிதாகக் குடிவந்தோர், நிலையான முகவரி இல்லாத புலம்பெயர்ந்த தொழிலாளர் ஆகியோருக்குக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. கடன் பெற்றவர் அக்கடையை விட்டு வேறு கடைக்குச் செல்லத் தயங்குவார். எடையையும் விலையையும் தரத்தையும் கேள்வி கேட்கவும் தயங்குவார். உதவியும் கட்டுப்பாடும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டிருந்தன எனலாம்.

கூட்டுறவு, அரசு ஆகியவற்றின் பேரங்காடிகள்

மளிகைக் கடைக்கு எதிரான முதல் அமைப்பு தனியார் முதலிலிருந்து தோன்றவில்லை. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவு முயற்சிகளுள் இது மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று. நுகர்வோர் ஒன்றுகூடித் தமக்குத் தாமே கடை வைத்தால் நியாயமான விலையில் கலப்படமற்ற பொருள் கிடைக்கும் என்பதே இதன் கொள்கை. மும்பையில் 1948இல் ‘அப்னா பஜார்’ தொடங்கப்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை ஒட்டி நுகர்வோர் கூட்டுறவுகளைப் பெருக்கும் திட்டத்தை நடுவணரசு கொணர்ந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு விலைவாசி குறித்த கவலை மிகுந்திருந்த சூழலில், தில்லி கன்னாட் வட்டாரத்தில் ‘சூப்பர் பஜார்’ திறக்கப்பட்டது.

இக்கடைகளின் நோக்கம் மளிகைக் கடையை அகற்றுவதன்று. அதன் விலையைக் கட்டுக்குள் வைப்பதே. பஞ்ச காலத்திலும் பதுக்கல் காலத்திலும் இவை பயன்பட்டன. பொருள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபின் இவற்றின் தேவை குறைந்தது. மேலாண்மைக் குறைகளும் இழப்புகளும் சேர, தில்லி சூப்பர் பஜாரை மூடிவிட 2002இல் முடிவு செய்யப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் நடைபெற்ற அப்பேரங்காடியைச் சுற்றியிருந்த சிறுகடைகள் அதற்குப் பின்னும் நடைபெற்றன என்பது நோக்கத்தக்கது. நுகர்வோர் கூட்டுறவுக் கடை பொதுவாக ரொக்கத்திற்கு விற்கும் கொள்கை உடையது. பற்றுக் கணக்கு மிகுந்திருந்த தெருவில் அதன் எல்லை அதனாலேயே வரையறுக்கப்பட்டது.

தனியார் துறையில், 1905இல் நீலகிரியில் பால்பொருள் வணிகமாகத் தொடங்கிய நீல்கிரீஸ் நிறுவனம் பெங்களூரு பிரிகேட் சாலையில் கடை அமைத்துத் தென்னகத்தின் தொடக்ககாலப் பல்பொருள் அங்காடிகளுள் ஒன்றை உருவாக்கியது. இதுவும் வசதி படைத்தோர் நாடிய கடையாகவே நெடுங்காலம் இருந்தது.

அச்சிட்ட விலையும் 1996உம்

பேரங்காடியின் உண்மையான வருகைக்கு வழியமைத்தவை கட்டடங்கள் அல்ல, பொட்டலங்கள். 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள், அடைத்து விற்கப்படும் பொருளின்மீது எடை, விலை முதலியவற்றை அச்சிட வேண்டும் என்றன. 1990இல் வரிகள் அனைத்தும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடும் முறை கட்டாயமாயிற்று. வாங்குவோரைக் காக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட இவ்விதி எதிர்பாராத விளைவு ஒன்றையும் தந்தது. மூட்டைப் பருப்பின் விலையை இரு கடைகளுக்கிடையே ஒப்பிடுவது கடினம். தரமும் எடையும் வேறுபடும். அச்சிட்ட விலையுள்ள சோப்பை எங்கும் ஒப்பிடலாம். அவ்விலைக்குக் குறைவாக விற்பவர் எவரோ அவர் மலிவாக விற்கிறார் என்பது ஐயமின்றித் தெரியும். உற்பத்தியாளரிடம் நேரடியாகப் பெருமளவில் வாங்குபவரால்தான் அவ்வாறு விற்க முடியும். மேலும், பொட்டலப் பொருள் பெருகப் பெருகச் சரக்கின் தரம் அறியும் கடைக்காரரின் பழந்திறன் மதிப்பிழந்தது.

இந்நிலையில் 1996இல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு பல்பொருள் அங்காடித் தொடர் தொடங்கிற்று. அதே ஆண்டில் சென்னையின் காய்கறி மொத்த வணிகம் ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டிற்கு இடம் மாறியது. ஒரே ஆண்டில் நகரின் மொத்த வணிகத்திலும் சில்லறை வணிகத்திலும் இரு பெரும் மாற்றங்கள் தொடங்கின. 1997இல் சென்னைத் திருவான்மியூரில் சுபிக்ஷா தோன்றியது. குளிர்சாதனமும் அலங்காரமும் இன்றி, அச்சிட்ட விலைக்குக் குறைவாக விற்பதையே கொள்கையாகக் கொண்ட இது, வசதி படைத்தோரை அன்றி மளிகைக் கடையின் வழக்கமான வாடிக்கையாளரையே நாடியது. இவ்வகையில் இந்தியாவில் உணவுப்பொருள் பேரங்காடித் தொடர்களின் சோதனைக்களமாகச் சென்னை அமைந்தது. 2001இல் பிக் பஜாரும் 2002இல் மும்பையில் டீமார்ட்டும் தொடங்கப்பெற்றன. 2003இல் ஜெர்மானிய நிறுவனமான மெட்ரோ பெங்களூருவில் மொத்த விற்பனை நிலையம் திறந்தது. மொத்த விற்பனையில் முழு அந்நிய முதலீட்டுக்கு 1997இலேயே வழி திறக்கப்பட்டிருந்தது இதற்கு வாய்ப்பளித்தது.

பேரங்காடி வாங்குவோருக்குத் தந்தது மலிவு மட்டுமன்று. மேசை அகன்றது, பொருளைத் தாமே எடுத்துப் பார்த்து, விலையைப் படித்து, வேண்டாமெனில் திரும்ப வைத்துவிட முடிந்தது. யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை. ஆளறிதலை அடிப்படையாகக் கொண்ட கடையில் இடம் கிடைக்காதவர்க்கு இந்த அறிமுகமின்மையே ஓர் உரிமையாக அமைந்தது.

தெருவில் நேர்ந்த இழப்பு

2006 நவம்பரில் ஹைதராபாத்தில் ரிலையன்ஸ் ஃபிரெஷ் கடைகள் திறக்கப்பட்டபோது போட்டி புதிய கட்டத்தை அடைந்தது. இக்கடைகள் காய்கறியையும் பழத்தையும் முதன்மைப் பொருள்களாகக் கொண்டன. மளிகைக் கடைக்காரரைவிட வலுக்குறைந்தவர்களான தள்ளுவண்டிக்காரரும் கூடைக்காரப் பெண்களும் இப்போது போட்டியின் எல்லைக்குள் வந்தனர். இவர்களிடம் நெடுநாள் பற்றுக் கணக்கு இல்லை. இருப்பு வைக்கும் இடம் இல்லை. மாலைக்குள் விற்காத கீரை மறுநாள் முதலாகாது. கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறாகத் தருவதன்றி வாடிக்கையாளரைப் பிணிக்க வேறு வழியும் இவர்களுக்கு இருந்ததில்லை. 2007 மே மாதம் ராஞ்சியில் காய்கறி வணிகர்களின் எதிர்ப்பு வன்முறையாக வெடித்துக் கடைகள் தாக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் உத்தரப் பிரதேச அரசு அம்மாநிலத்தில் திறக்கப்பட்டிருந்த ரிலையன்ஸ் ஃபிரெஷ் கடைகளை மூட ஆணையிட்டது.

நடுவணரசின் வேண்டுகோளின்படி, இந்தியப் பன்னாட்டுப் பொருளாதார உறவுகள் ஆய்வுக் குழு பத்துப் பெருநகரங்களில் 2,020 சிறுகடைகளை ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. பேரங்காடிக்கு அருகிலுள்ள சிறுகடைகளின் விற்பனையும் இலாபமும் தொடக்க ஆண்டுகளில் குறைகின்றன; காலப்போக்கில் அப்பாதிப்புத் தணிகிறது என்பது அதன் முடிவு. மொத்த வேலைவாய்ப்பில் வீழ்ச்சி காணப்படவில்லை. எனினும் வடக்கிலும் மேற்கிலும் ஓரளவு குறைவு இருந்தது. ஆண்டுக்கு 4.2 விழுக்காட்டுக் கடைகள் மூடப்பட்டன. அவற்றுள் பேரங்காடிப் போட்டியால் மூடப்பட்டவை 1.7 விழுக்காடு.

இவ்வெண்கள் இரு தரப்பினராலும் எடுத்தாளப்பட்டன. ஆண்டுக்கு 1.7 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். அதே வீதம் பத்தாண்டு நீடிக்குமாயின் நூறு கடைகளில் ஏறத்தாழ 16 மறையும் என்பதையும் உடன் கருத வேண்டும். அறிக்கையின் மற்றொரு பகுதி இதனினும் முதன்மையானது. போட்டியை எதிர்கொள்ளச் சிறுகடைக்காரர்கள் வாடிக்கையாளருக்கு முன்னைவிட மிகுதியாகக் கடன் கொடுக்கத் தொடங்கினர். ஆனால் சிறுகடைக்காரர்களுள் வங்கி முதலிய நிறுவனக் கடன் பெற வாய்ப்புள்ளோர் 12 விழுக்காட்டினரே. கடை பிழைத்தது, பிழைப்பதற்கான செலவைக் கடைக்காரரின் குடும்பம் ஏற்றது. நெடுநேரம் கடை திறந்திருத்தல், கூலியில்லாக் குடும்ப உழைப்பு, நகையை அடகு வைத்துத் திரட்டும் முதல் ஆகியன இலாபக் கணக்கில் இடம்பெறாச் செலவுகள். கடைகள் மூடப்படவில்லை என்பதால் மட்டும் பாதிப்பு இல்லை என்று கொள்ளுதல் இதனாலேயே பொருந்தாது.

சட்டத்தின் போக்கு

2009 ஜூனில் வணிகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, மளிகை, காய்கறி, பழம் ஆகியவற்றின் சில்லறை விற்பனையில் அந்நிய நிறுவனங்களோடு உள்நாட்டுப் பெரு நிறுவனங்களையும் தடை செய்யப் பரிந்துரைத்தது. இப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. அதன்பின் விவாதம் முழுவதும் அந்நிய முதலீட்டைச் சுற்றியே அமைந்தது. 2011 நவம்பரில் பல்வணிகச் சின்னச் சில்லறை விற்பனையில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை அமைச்சரவை ஏற்று, எதிர்ப்பால் சில நாள்களில் நிறுத்தி வைத்தது. 2012 செப்டம்பர் 20 அன்று அம்முடிவு செயலுக்கு வந்தது. பத்து இலட்சத்திற்கு மேல் மக்கள்தொகை உடைய நகரங்களில் மட்டுமே கடை திறத்தல், குறைந்தது 10 கோடி டாலர் முதலீடு, கொள்முதலில் 30 விழுக்காடு சிறு தொழில்களிடமிருந்து பெறுதல் ஆகிய நிபந்தனைகளோடு, ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்றும் கூறப்பட்டது. அதே நாளில் நாடு தழுவிய கடையடைப்பு நடைபெற்றது. தமிழ்நாட்டில் த. வெள்ளையன், ஏ.எம். விக்கிரமராஜா ஆகியோர் தலைமையிலிருந்த வணிகர் அமைப்புகள் இம்முதலீட்டை எதிர்த்தன; மாநில அரசும் இசைவளிக்க மறுத்தது. டிசம்பர் 5 அன்று மக்களவையில் இம்முடிவுக்கு எதிரான தீர்மானம் 218க்கு 253 என்ற வாக்கு வேறுபாட்டில் தோற்றது.

இப்போராட்டம் அந்நியப் பேரங்காடிகளைப் பெருமளவு தடுத்தது. பிரெஞ்சு நிறுவனமான கார்ஃபூர் 2014இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஆயினும் உள்நாட்டுப் பெரு நிறுவனங்களுக்கு நாடு தழுவிய தடை இருந்ததில்லை. வாசலில் வந்தவர் எந்நாட்டினர் என்னும் வினா முன்னுக்கு வந்தபோது, கடையின் அளவும் முதலின் அளவும் குறித்த வினா பின்னுக்குச் சென்றது. சிறுகடைக்காரரின் நோக்கில், எதிர்த்தெருவில் குறைந்த விலைக்கு விற்பவரின் முதல் எந்நாட்டிலிருந்து வந்தது என்பதால் விளையும் வேறுபாடு சிறிதே.

பேரங்காடிகளின் வீழ்ச்சி

இவ்வரலாற்றின் எதிர்பாராத பகுதி பெருங்கடைகளின் சரிவாகும். 2008இல் சுமார் 1,600 கடைகளைக் கொண்டிருந்த சுபிக்ஷா, உலக நிதி நெருக்கடியின்போது பணம் தட்டுப்பட்டு 2009இல் செயலிழந்தது. பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் குழுமம் கடன் சுமையால் தளர்ந்தது. 2022இல் அதன் கடைகள் பலவற்றை ரிலையன்ஸ் தன்வயப்படுத்தியது. அவ்வாண்டே அந்நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டது. இதற்கு மாறாக டீமார்ட், கடை இடங்களைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்கியும், சரக்கு தந்தோருக்கு விரைவில் பணம் செலுத்தியும், மெல்ல விரிந்தும் நிலைபெற்றது.

இங்குதான் கடனின் திசை விளக்கம் பெறுகிறது. மளிகைக் கடையில் கடை வாங்குவோருக்குக் கடன் தருகிறது. பேரங்காடியில் வாங்குவோர் ரொக்கம் தருகின்றனர். சரக்கு தருவோர் கடைக்குக் கடன் தருகின்றனர். முன்னதில் கடன் கீழ்நோக்கி, பலரிடையே சிறுசிறு தொகைகளாகப் பரவுகிறது. ஒரு குடும்பம் பாக்கியைத் தராது போனால் கடை இழப்புறும், வீழாது. பின்னதில் கடன் மேல்நோக்கி, ஓரிடத்தில் குவிகிறது. சரக்கு தருவோரும் வங்கிகளும் நம்பிக்கை இழந்த வாரத்திலேயே அடுக்குகள் வெறுமையாகும். கடன் வாங்கி விரைந்து விரிந்த பேரங்காடிகள் வீழ்ந்ததற்கும், விரைவில் பணம் செலுத்திய பேரங்காடி நிலைத்ததற்கும், கடன் கொடுத்த மளிகைக் கடைகள் தாக்குப்பிடித்ததற்கும் இதுவே பொதுவான காரணம் எனலாம்.

முடிவுரை

மளிகைக் கடை போட்டியில் தன்னை மாற்றிக்கொண்டது. மேசையை அகற்றி அடுக்குகளை அமைத்தது. கணினி ரசீது தந்தது. தொலைபேசியில் கேட்டதை வீட்டிற்கு அனுப்பியது. 2016க்குப் பின் கைப்பேசிவழிப் பணத்தையும் ஏற்றது. ‘சூப்பர் மார்க்கெட்’ என்னும் பெயர்ப்பலகை இன்று பல சிற்றூர்க் கடைகளிலும் தொங்குகிறது. வெளித்தோற்றத்தில் பேரங்காடியின் சாயலைப் பெற்ற இக்கடைகளின் பின்புறத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. சிறுகடைகளுக்கே மொத்த விற்பனை செய்துவந்த மெட்ரோவின் இந்தியப் பிரிவை 2023இல் ரிலையன்ஸ் கையகப்படுத்தியது. எதிர்த்தெருவில் போட்டியிடும் நிறுவனமே சிறுகடைக்குச் சரக்கு வழங்கும் மொத்த வணிகராகவும் ஆகும் நிலை இது. மறுபுறம், சில நிமிடங்களில் வீட்டிற்கே பொருள் தரும் நிறுவனங்கள் 2021க்குப் பின் பெருநகரங்களில் பெருகி, அருகில் இருத்தல் என்னும் மளிகைக் கடையின் தனிச்சிறப்பையும் பங்கிட்டுக்கொண்டுள்ளன.

எனவே எத்தனை கடைகள் மூடப்பட்டன என்னும் கணக்கு மட்டும் இவ்வரலாற்றை அளக்கப் போதாது. சிறுகடைக்கு யார் தவணை தருகின்றனர், எந்த நிபந்தனையில் தருகின்றனர் என்பதே அடுத்து ஆராயப்பட வேண்டியது. உறவின்முறையும் மொத்த வணிகரும் தந்த கடனில் குறைகள் இருந்தன. ஆனால் அக்கடன் கடை வேலைக்கு வந்த சிறுவனைக் கடைக்காரனாக்கியது. பேரங்காடி தந்த வேலை ஒருவரைப் பணியாளராக்கியதேயன்றிக் கடைக்கு உரிமையாளராக்கவில்லை. சிறுவணிகருக்கு வங்கிக் கடன் எட்டாத நிலையில், தெருக்கடையின் பெயர்ப்பலகை நிலைத்திருக்க, உரிமை மட்டும் கைமாறக் கூடும். பல உரிமையாளர் கூடிய இடத்தையே பழந்தமிழ் நூல்கள் அங்காடி என்றன. அப்பொருளில் அச்சொல் எஞ்சி நிற்குமா என்பது, பேரங்காடியின் விலைப்பட்டியலைவிட, சிறுகடையின் பற்றுக் கணக்குக்குப் பின்னால் நிற்கும் முதலைப் பொறுத்தே அமையும்.